நியமன அங்கத்தினர்

1934 ஜூன் 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். பள்ளிக்கூடம் திறந்த நாள். தாழவிளையிலிருந்து பெரிய ரோடு வரை ஒரே சேறு. பஸ் ஏறுவதற்குள் சேலைக்கரை நாசம். நாகர்கோவில் போய்ச் சேர்ந்து, பள்ளிக் கிணற்றடியில் கால் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் போனேன்.

இந்த வருஷம் ஆறாம் பாரத்துக்குப் புதுப் பாடம் என் தலையில். உலக நாடுகளின் அரசாங்க முறைகள். இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு, கடைசியில் நமது திருவிதாங்கூர். புத்தகம் இங்கிலீஷ். பிள்ளைகளுக்கு மண்டையில் ஏற வேண்டுமானால் தமிழில் சொல்லியாக வேண்டும். யோசிக்க வேண்டிய சொற்கள்: ராஜ்யம், சர்க்கார் (இரண்டும் ஒன்றல்ல). பிரதிநிதி. ஓட்டுரிமை. அதிகாரம், பலம். இந்தக் கடைசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வரியில் சொல்ல வரவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய். மைனிக்குச் சுக்கு. எனக்கு ஒரு குடை, கம்பி உடையாதது.

மைனிக்கு எட்டாம் மாதம். காலில் நீர் இறங்கியிருக்கிறது. போன பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே கிடையாது. கருப்பட்டி மூட்டைகளை ஏற்றி இறக்கும்போதுகூட வாசல் பக்கம் ஒரு கண்.

ஜூன் 6, புதன்

தாசில்தார் கச்சேரியிலிருந்து உத்தரவு. எங்கள் ஊர் பஞ்சாயத்துக்கு என்னை நியமன அங்கத்தினராகப் போட்டிருக்கிறார்கள். ஸ்திரீ ஒருத்தி இருக்க வேண்டும் என்று மேலிடத்து யோசனையாம். படித்தவள், அப்பா பேரில் வந்த நிலத்துக்கு வரி கட்டுகிறவள், கலியாணம் ஆகாதவள். வேறு யார் அகப்படுவார்கள்?

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. உத்தரவைக் கடைக்குக் கொண்டுபோய் வந்தவர் போனவருக்கெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறான். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று எழுதினால் பொய்.

வகுப்பில் இன்று தேர்தல், நியமனம். பிரதிநிதி என்றால் நமக்குப் பதிலாகப் போய்ப் பேசுகிறவர் என்றேன். கமலம் எழுந்து, நியமனம் ஆனவர் யாருக்கு ஜவாப் சொல்ல வேண்டும், நியமித்தவர்களுக்கா, ஊருக்கா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் என்றேன். அவள் உட்காரும்போது முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

ஜூன் 9, சனி

முதல் கூட்டம். கோயில் தெருவில் பிரசிடென்டு அனந்தபெருமாள் பிள்ளை வீட்டு முன்கட்டில். (நீளப் பெயர். இனி ஆ.பி.) எனக்கு மட்டும் தனி நாற்காலி, மற்றவர்களுக்கு பெஞ்சு. நான் பேசினால் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள்.

ஆ.பி.யின் மகள் பகவதி என்னிடம் படித்தவள். நல்ல கையெழுத்து. போன வருஷம் இதே மழைக்காலம், தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மாட்டுவண்டி சேற்றில் இறங்கி, பெரிய ரோட்டை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் இந்த வீட்டுக்கு வருவது இன்றுதான். அவள் அம்மா மோர் கொண்டுவந்து தந்தார். என் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். இந்த வருஷத்துப் பணத்தில் ஒரு வேலைதான் நடக்கும். ஒன்று, ஊரிலிருந்து பெரிய ரோடு வரை கல் போட்டு ரோடு. அல்லது, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற குடியிருப்புக்கு ஒரு கிணறு. அங்குள்ளவர்கள் குடிப்பதற்கும் வாய்க்கால் தண்ணீர்தான். ஊர்க் கிணறுகளில் அவர்களுக்குத் தண்ணீர் எடுக்க உரிமை இல்லை. ஆ.பி. ரோடு வேண்டும் என்கிறார். காரணத்தை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பெஞ்சில் ஒரு ஆள் குறைவு. இன்னொரு நியமன அங்கத்தினர் எங்கே என்று கேட்டேன். அது குஞ்சனாக்கும் என்றார் கிளார்க். குடியிருப்புக்காரன், ஆ.பி. வயலில் ஏர் பிடிக்கிறவன். ஆ.பி. எழுதிக் கொடுத்துத்தான் நியமனம் ஆனான். கோயில் தெருவில் அவன் நடக்கக் கூடாது. அதனால் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. கூட்டம் முடிந்த பிறகு கிளார்க் தாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போவார், அவன் பெருவிரல் வைப்பான்.

முடிவு அடுத்த கூட்டத்தில்.

ஜூன் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாய்க்கால் கரை வழியாக வந்தேன். மழை வெறித்திருந்தது. வேளிமலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வாய்க்கால் நிறைய.

குஞ்சன் கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள். என்னைக் கண்டு விலகி நின்றான். நானும் ஒரு மெம்பர்தான் என்றேன். சிரித்தான். எதற்கெல்லாம் விரல் வைத்தாய் என்று கேட்டேன். கொண்டு வருவார்கள், வைப்பேன் என்றான். மாடு நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அதே தண்ணீரில் ஒரு பெண் குடம் முக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டி சக்கி.

போன வருஷம் வாந்திபேதியில் அவர்களுடைய மூத்த மகன் போனான். சக்கிதான் சொன்னாள். குஞ்சன் மாட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

ஜூன் 13, புதன்

வகுப்பில் சபை என்றால் என்ன. அங்கத்தினர் எல்லாரும் வந்து கூடக்கூடிய இடத்தில் கூடுவது சபை என்றேன்.

மாலை ஆ.பி.யைப் பார்க்கப் போனேன். வயல் வரப்பில் நின்றார். நடவு நடக்கிறது. கூட்டத்தை வாய்க்கால் கரையில் இருக்கிற மராமத்துக் கொட்டகையில் வைத்தால் எல்லாரும் வரலாமே என்றேன். குஞ்சன் பெயரை நான் சொல்லவில்லை. அவர் நடவு ஆட்களிடம் வரிசையைச் சரியாகப் பிடிக்கச் சொன்னார். பிறகு, "நீங்க சொல்லுகது சரிதான் டீச்சர். சபைன்னா ஆளு இருக்கணும்லா" என்றார்.

இவ்வளவு எளிதாகச் சம்மதிப்பார் என்று நினைக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. குஞ்சன் அவருடைய ஆள். வந்தால் ரோட்டுக்கு இன்னொரு கை.

இல்லை, இது நியாயமில்லை. மனிதர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இரண்டும் இருக்கலாம்.

ஜூன் 15, வெள்ளி

கமலம் ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தாள். ஏணி. மேல் படியில் மகாராஜா, அதற்குக் கீழே திவான், சட்டசபை, தாசில்தார். மகாராஜாவுக்கும் மேலே ஒரு தொப்பி, வெள்ளைக்கார ரெசிடெண்டாம். அடிப்படியில் பஞ்சாயத்து. அதில் குட்டியாகச் சேலை கட்டிய ஒரு உருவம். நான்தான். எல்லாருக்கும் சிரிப்பு. சர்க்கார் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க மேலிருந்து கீழே பார். ராஜ்யம் யாரால் நிற்கிறது என்பதைப் பார்க்கக் கீழிருந்து மேலே பார் என்றேன். புத்தகத்தில் இல்லாதது. இன்ஸ்பெக்டர் வராமல் இருக்க வேண்டும்.

மைனிக்குக் காய்ந்த நெத்திலி ஆசை. வாங்கி வந்தேன். அண்ணனுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் அடுப்பங்கரையில்.

ஜூன் 17, ஞாயிறு

அண்ணன் இன்று கேட்டான். எதற்குக் கை தூக்கப் போகிறாய் என்று. யோசிக்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்னட்டி இருக்கு? உனக்க மைனிய அந்தச் சேத்துலதான் கொண்டு போகணும்."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த வீட்டில் அவன் சொன்னதை நான் மறுத்ததில்லை. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. இங்கிலாந்தின் அரசியல் சட்டமும் எழுதப்படாதது என்று போன வாரம்தான் பாடம் நடத்தினேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவன் அவன். ஊரே பழித்தபோது, அவள் பி.ஏ. முடிக்கட்டும் என்றவன்.

மைனி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.

ரோடு போட இப்போது முடிவு செய்தாலும் மைனி பிரசவத்துக்கு முன் கல் விழாது. அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறான்.

ரோடு வேண்டும். தினம் அந்தச் சேற்றில் நடக்கிற எனக்குத் தெரியாதா? பகவதி முகம் கண்ணுக்குள் நிற்கிறது. கிணறும் வேண்டும். எது தப்பு, எது சரி என்றால் சொல்லிவிடலாம். இரண்டும் சரி. அரசாங்கம் என்பதே இந்தச் சங்கடம்தானோ என்னவோ. புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயம் கிடையாது.

ஜூன் 20, புதன்

நல்ல மழை. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்.

பாடம்: ரகசிய ஓட்டு. முன்பெல்லாம் இங்கிலாந்தில் பண்ணையாருக்கு எதிரே நின்று வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். குடியானவன் பயந்து அவர் சொன்ன பெயரையே சொல்வான். பிறகு சீட்டும் பெட்டியும் வந்தன. பயம் போயிற்று.

நடத்திக்கொண்டிருக்கும்போதே யோசனை வந்தது. குஞ்சனுக்கு எழுத்து தெரியாது. சீட்டு வேண்டாம். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு மஞ்சாடிக்கொட்டை. புளியங்கொட்டை ரோடு, மஞ்சாடி கிணறு. வாயில் துணி கட்டிய கலயத்துக்குள் கையை விட்டு ஒன்றைப் போடுவது, மற்றதை மடியில் வைத்துக்கொள்வது. யார் எதைப் போட்டார் என்று எவருக்கும் தெரியாது. குஞ்சனைக் காப்பாற்ற இதைவிட வழியில்லை.

ஆ.பி.யிடம் சொன்னேன். புதுமையாக இருக்கிறது, செய்யலாம் என்றார்.

ஜூன் 23, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கொட்டகையில் கூட்டம். ஓலை ஒழுகி ஒரு மூலை நனைந்திருந்தது. ஆ.பி., தேர்தலில் வந்த மற்ற நாலு பேர், கிளார்க், நான். குஞ்சன் வந்தான். துவைத்த துண்டு. கொட்டகைத் தூணுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று ஆ.பி.தான் கூப்பிட்டார். வந்தான். கிளார்க் ஒரு ஓலைக் கடவத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றான்.

மீரான் சாயபு கிணற்றுக்காகப் பேசினார். துணிக்கடைக்காரர், குடியிருப்பிலும் அவருக்கு வியாபாரம் உண்டு. ஆ.பி. ரோட்டுக்காகப் பேசினார். மழையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, நெல் வண்டிகள் போக முடியவில்லை, சீக்காளிகள் போக முடியவில்லை என்றார். சீக்காளிகள் என்று சொன்னதும் நிறுத்தி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார்.

கலயத்தை நடுவில் வைத்தோம். கிளார்க் ஆளுக்கு இரண்டு கொட்டை கொடுத்தார். சிரித்தார்கள், சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி. முதலில் குஞ்சன் போடட்டும் என்றேன். முதலில் போட்டால் பயம் இருக்காது என்று என் நினைப்பு.

அவன் கலயத்துக்குப் பக்கத்தில் வந்தான். உள்ளங்கையை விரித்து, மஞ்சாடியைத் தனியே எடுத்து எல்லாரும் காண நீட்டினான். சிவப்பாக ஒரு பொட்டு.

"எனக்கு இதாக்கும்" என்றான்.

ஆ.பி. மெதுவாகச் சொன்னார். "காட்டப்பிடாது குஞ்சா. உள்ள போடு."

"காட்டணும் எசமான். மறைச்சுப் போட்டா, நாளைக்கு எசமானு ஒவ்வொருத்தர் மூஞ்சியாட்டு பாத்து இவனா அவனான்னு நெனப்பிய. நானாக்கும். பகவதிக் கொச்சம்ம போன அன்னைக்கு வண்டிக்கு முன்ன நடந்ததும் நானாக்கும். ரோடு வேண்டாம்னு சொல்லல்ல. எனக்க மவனும் போனான். தண்ணி குடிச்சுல்லா போனான்."

பிறகு மஞ்சாடியை உள்ளே போட்டான். சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆ.பி. முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்து என் முறை. என் கைக்குள்ளும் இரண்டு கொட்டைகள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இந்தக் கலயம் யாருக்காக என்று. குஞ்சனுக்கு என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான். அண்ணனுக்குத் தெரியாமல் போட வேண்டும் என்பதற்காகத்தான்.

நானும் காட்டினேன். மஞ்சாடி.

மற்றவர்கள் மூடிய கையோடு போட்டார்கள். அவர்கள் பாடு. எண்ணியபோது மஞ்சாடி நாலு, புளியங்கொட்டை மூன்று. ஆ.பி. கிணறு என்று எழுதச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கி நடந்தார். கிளார்க் குடையோடு பின்னால் ஓடினார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஜூன் 26, செவ்வாய்

அண்ணன் பேசவில்லை. மைனி மூலமாகப் பேச்சு. "அவளுக்குக் குடை கம்பி சரி பண்ணியாச்சுன்னு சொல்லு." பக்கத்தில்தான் நிற்கிறேன்.

மைனியிடம் என்மேல் கோபமா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பயமாட்டுதான் இருக்கு தங்கம். கோவம் இல்ல" என்றாள். அழுதுவிட்டேன். அவள் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. வெட்கம்.

ஜூன் 30, சனி

ஆ.பி. வயலில் நடவு முடிகிறது. குஞ்சனைக் கூப்பிடவில்லையாம். சக்கியையும் கூப்பிடவில்லை. வேறு ஆட்களை விட்டு நட்டிருக்கிறார். அடிக்கவில்லை, விரட்டவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 4ஆம் தேதி கேட்டுக்கொண்ட கேள்விக்கு இப்போது எழுதலாம். அதிகாரம் என்பது உத்தரவு போடுவது. பலம் என்பது ஒன்றுமே செய்யாமல் இருந்து ஒருவனைப் பட்டினி போடுவது. இதை வகுப்பில் சொல்ல முடியாது.

குஞ்சன் மலைப்பக்கம் போயிருக்கிறான். திற்பரப்புக்கு மேலே வாய்க்கால் கரை உடைந்து மராமத்து வேலை நடக்கிறதாம். வாரக் கடைசியில் வருவானாம்.

அவன் கையைக் காட்டியிருக்காவிட்டால்? நானும் காட்டியிருக்க மாட்டேன். அவனுக்கு வேலையும் போயிருக்காது.

ஜூலை 5, வியாழன்

கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். இடம் பார்த்தது ஆ.பி. தான், பிரசிடென்டு என்ற முறையில். குடியிருப்பின் எல்லையில் நின்று குச்சியால் காட்டினாராம். தாழ்வான இடம் வேண்டாம், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்று மேட்டில் தள்ளிப் போட வைத்தாராம். தோற்றதைச் சரியாகச் செய்கிறார்.

கால் பரீட்சைக்குக் கேள்விகள் எழுத வேண்டும். ஆறாம் பாரம் நோட்டுகள் பாக்கி.

ஜூலை 14, சனி

மைனிக்குக் காலையில் வலி. சொன்ன நாளுக்கு முன்பே. மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. வண்டி கட்டினோம். உள்ளே வைக்கோல், அதன் மேல் மெத்தை. மைனி தலை என் மடியில். அண்ணன் மாட்டின் பக்கத்தில் நடந்தான்.

பனைவிளை தாண்டி இறக்கத்தில் சக்கரம் இறங்கியது. அச்சு வரை சேறு. அண்ணன் தோள் கொடுத்துப் பார்த்தான். நானும் இறங்கினேன். அசையவில்லை. அண்ணன் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அந்த முகத்தை நான் இதற்கு முன் கண்டதில்லை.

வயலுக்குள்ளிருந்து ஆ.பி. வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு. பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர், கையில் மடைப்பலகை. ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பலகையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளச் சொன்னார், தானே மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். வண்டி ஏறியது.

பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. வண்டிக்கு முன்னால் நடந்தார். கால் வைத்து ஆழம் பார்த்துப் பார்த்து. இடது பக்கம் பிடி, இங்கே பள்ளம், இங்கே கல், நில், இப்போது விடு. அந்த வழியின் ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் பேசாமல் நின்றார். அப்புறம் வண்டியை வெகுவாக வலது பக்கம் விலக்கிக் கொண்டுபோனார். அது எந்த இடம் என்று எனக்குப் புரிந்தது. மைனிக்குத் தெரியக் கூடாது என்று அவள் கண்ணை என் கையால் மூடினேன்.

பெரிய ரோட்டில் நடுவில் நின்று பஸ்ஸை மறித்தார். சுசீந்திரம் பஸ். ஜனங்கள் தாங்களாகவே இறங்கி இடம் விட்டார்கள். ஒரு மீன்காரி தன் சேலை முந்தானையால் மைனி முகத்தைத் துடைத்தாள்.

பெண் குழந்தை. பிள்ளையைத் திருப்பி, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். அண்ணன் காலையில் என்னிடம் நேராகவே பேசினான். "காப்பி குடிச்சியா?" என்றான். வேறொன்றும் இல்லை. போதும்.

மத்தியானம் ஆ.பி. இளநீர்க் குலையோடு வந்தார். குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்தார். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, சிங்க (ஆவணி) மாதத்தோடு குஞ்சனின் நியமனக் காலம் முடிகிறது, புதுப்பிக்கலாமா என்று தாசில்தார் கேட்டிருக்கிறார் என்றார்.

"அவன் பேரத்தான் எழுதி அனுப்பியாச்சு டீச்சர். எனக்க முன்னால நின்னு இல்லைன்னு சொல்லுகவன் ஒருத்தன் சபையில கெடக்கட்டும். கொள்ளாம், நல்லதுதான்."

வயலுக்கு எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

இளநீர்க் குலையைச் சுவரோரம் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார். அவன் எதிர்த்ததில் தனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் மகளைப் பற்றிச் சொல்லிவிட்டான். ஒரு வருஷமாக வீட்டில்கூட யாரும் எடுக்காத பேச்சு. அவனைக் கண்டால் அந்த நாள் வந்து நிற்கிறது. கொஞ்ச நாள் போகட்டும். சபை ஊருக்கு, வயல் எனக்கு என்றார்.

சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் சபைக்கு எப்படி வருவான் என்று கேட்டேன். மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. அவர் ஒரு இளநீரை எடுத்து வெட்டி, மைனிக்குக் கொடுங்கள் என்று என் கையில் தந்தார்.

ஜூலை 18, புதன்

பள்ளிக்கூடம். குழந்தைக்கு என்ன பெயர் என்று பிள்ளைகள். இன்னும் வைக்கவில்லை. பாடம்: பிரான்சு. அங்கே மந்திரிசபை அடிக்கடி கவிழும். அப்படியானால் நாடும் கவிழுமா என்று கமலம். இல்லை, ராஜ்யம் நிற்கும் என்றேன். சர்க்கார் வேறு, ராஜ்யம் வேறு என்பது இன்றுதான் வகுப்புக்குப் புரிந்தது.

அடுத்த வருஷம் ரோட்டுக்குத்தான் என் கை. ஆ.பி.யிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நன்றிக்குச் சொல்கிறாள் என்று நினைப்பார்.

ஜூலை 22, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு கிணறு பார்க்கப் போனேன். வெயில். ஊற்றுக் கண்டுவிட்டது. கலங்கல்தான், தெளியும். சக்கி கிணற்று விளிம்பில் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க மனமில்லை அவளுக்கு.

குஞ்சன் மலையிலிருந்து வந்திருந்தான். இளைத்திருக்கிறான். நியமனம் தொடர்கிறது, ஆ.பி.யே எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அப்படியா என்றான். வயலைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டம் சனிக்கிழமை வைத்தால் அவனுக்கு அன்றைய வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைக்க முடியுமா என்று கேட்டான். நான் ஆ.பி.யிடம் பேசுகிறேன் என்றேன். தலையை ஆட்டினான். வேண்டாமாம். சபையில் அவனே சொல்லுவானாம். அதற்கு என்ன முறை என்று கேட்டான். எழுந்து நின்று, இப்படி ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன் என்று சொன்னால் போதும் என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"இருந்துகிட்டே சொல்லப்பிடாதா டீச்சரம்மா?"

சட்டப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தே சொல்லலாம் என்றேன்.